செல்லுக்குள் ஒரு ஞாயிறு: கேள்வி பதில்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முன்னாள் உயிரியல் ஆசிரியை என்ற முறையில் பதில் சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதித் தர மாட்டேன்.

மகள் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தாள். பசுங்கணிகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கே தவறு?

தவறே இல்லை. பசுங்கணிகம் என்பது வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் பச்சை உறுப்பு; வெயில் படாத உள்மடலுக்கு அது எதற்கு? பாடப்புத்தகப் படத்தை நம்பாதீர்கள். எல்லா உறுப்பையும் ஒரே செல்லில் திணித்திருப்பார்கள். உள்மடலின் சவ்வை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மூடுகண்ணாடியைச் சாய்த்து மெல்ல இறக்கச் சொல்லுங்கள். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழ் புகும். கறுப்பு விளிம்போடு பளிச்சென்று தெரியும் அந்தக் குமிழைத்தான் பாதி வகுப்பு, செல்லின் கட்டுப்பாட்டு அறையான உட்கரு என்று வரைந்து வைக்கும். உண்மையான உட்கரு மஞ்சள் பழுப்பாக, பெரும்பாலும் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். பசுங்கணிகம்தான் வேண்டுமென்றால் மீன்தொட்டிக் கடையில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி வாங்குங்கள். ஓர் இலை போதும்; பச்சை மணிகள் ஊர்வதைக்கூடப் பார்க்கலாம்.

செல்லின் ஆற்றல் நிலையம் எது?

மைட்டோகாண்ட்ரியா.

தாவரத்துக்குத்தான் பசுங்கணிகம் இருக்கிறதே, மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

சமைத்தால் போதுமா, சாப்பிட வேண்டாமா? பசுங்கணிகம் சமைக்கும்; அந்த உணவிலிருந்து ஆற்றல் எடுப்பது மைட்டோகாண்ட்ரியா. வேருக்கும் இரவுக்கும் வெயில் ஏது?

மைட்டோகாண்ட்ரியா அம்மா வழி மட்டும்தான் என்கிறார்களே. அப்படியானால் கோத்திரமும் அம்மா வழிதானே வரவேண்டும்?

வந்தது வினை! விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. கருமுட்டைக்குள் நுழைந்தபின் அவை அழிக்கப்படுகின்றன. அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்கள் தாய்வழிச் சொத்து. கோத்திரத்தைப் பற்றிப் புரோகிதரைக் கேளுங்கள்.

இன்னொருவரின் மறுப்பு: ஆண்களுக்கு உரிய ஒய் குரோமோசோம் அப்பா வழிதான் வருகிறது. கோத்திரம் அறிவியலே!

மகளுக்கு ஒய் இல்லையே ஐயா, அவளுக்கு மட்டும் பிறந்த வீட்டுக் கோத்திரம் எப்படி வந்தது?

முதலில் கேட்டவர் மீண்டும்: அப்படியென்றால் ஆற்றல் முழுக்க அம்மா தந்ததுதானே?

அதுவும் இல்லை. அந்த 37-இல் புரதத்துக்கானவை 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவின் மற்றப் புரதங்களுக்கான கட்டளை உட்கருவில் இருக்கிறது. அங்கே அப்பாவுக்கும் பங்கு உண்டு. இரண்டு பேரும் சண்டையை மாடிப்படியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தச் சிவப்பணுவில் உட்கரு எங்கே இருக்கும்?

மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. சொன்னேனே, படத்தை நம்பாதீர்கள்.

எனக்குச் சிவப்பணு குறைவாம், என்ன சாப்பிடலாம்?

மருத்துவரைப் பாருங்கள்.

ஆற்றல் நிலையம் எது, டீச்சர்?

மேலே பார்.