60 ரூபாய் மாத்திரை 10 ரூபாய்க்கு வந்தால்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு ஜார்டியன்ஸ் 10 மி.கி. சாப்பிடுகிறார், மாத்திரை 60 ரூபாய் பக்கம் வருகிறது. கடையில் இப்போது வேறு பெயரில் 10 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். இவ்வளவு மலிவென்றால் வீரியம் இருக்குமா? எடை குறைக்கும் ஊசியும் விலை இறங்கிவிட்டதாமே, நான் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில் (மருந்தாளுநர், குன்னூர்): டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாராளமாக மாற்றுங்கள் அம்மா. ஜார்டியன்ஸில் உள்ள மருந்து எம்பாக்லிஃப்ளோசின். இந்தியாவில் அதன் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்க இறங்கியதும் போட்டியில் விலை விழுந்தது. 2022-ல் சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்துக்கும் இப்படித்தான் நடந்தது. மாதம் 1,800 ரூபாய் புரட்ட முடியாமல், "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேம்மா" என்று சொன்ன பச்சைத் தேயிலை விவசாயிகளை எங்கள் கடையிலேயே பார்த்திருக்கிறேன். இனி அவர்கள் தினமும் சாப்பிடலாம். அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

என் பயம் வேறு. பழைய அட்டையில் மிச்சமிருப்பதையும் புது அட்டையையும் இரண்டு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பழைய அட்டை தீர்ந்த பிறகே புதியதை வெளியே எடுங்கள். அட்டையில் எம்பாக்லிஃப்ளோசின் 10 மி.கி. மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே மெட்ஃபார்மினோ லினாகிளிப்டினோ இருந்தால் அது கூட்டு மாத்திரை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். நம் ஊர்க் குளிரில் தாகமே தெரியாது, மார்கழியில் இரண்டு டம்ளர் டீயோடு பொழுது போய்விடும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தால் ஒழிய, அப்பாவுக்கு வெந்நீராவது அடிக்கடி கொடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளில் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கேளுங்கள்.

ஊசிக்கு வருவோம். நீங்கள் கேட்ட, விலை இறங்கிய ஊசியில் உள்ள மருந்து செமாகுளுடைட். அதன் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்தது. மவுஞ்சாரோ என்ற இன்னொரு ஊசியில் உள்ள டிர்ஸெபடைடுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது. அதையே மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். செமாகுளுடைடையும் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். கணைய அழற்சி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். திறக்காத ஊசிப்பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியே உறைபனி விழுகிறதே என்று ஜன்னலோரம் வைக்கக்கூடாது, ஃப்ரீஸரிலும் கூடாது. உறைந்துபோன மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.