துணிப்பை எடுத்துவர வைப்பது எது? அளப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கடைக்குச் சொந்தப் பை எடுத்துவரும் பழக்கம் பற்றி எம்.காம். ப்ராஜெக்ட் செய்கிறேன் சார். கூகுள் ஃபார்மில் "சுற்றுச்சூழல்மேல் அக்கறை உண்டா?" என்று கேட்டேன். எல்லாரும் 5க்கு 4, 5 போட்டுவிட்டார்கள்.

பதில்: போடத்தான் செய்வார்கள். அதற்கு 'இல்லை' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கேள்வியில் செயல், பொருள், இடம், காலம் நான்கும் இருக்கட்டும்: "அடுத்த 2 வாரம் காய்கறி வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து பை எடுத்துப்போவேன்." உளவியலாளர் ஐசெக் ஐசனின் 1991 கட்டுரை, ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கு மூன்று வேர் சொல்கிறது: அந்தச் செயல்மேல் உள்ள அபிப்பிராயம், வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, நம்மால் முடியும் என்ற உணர்வு. ஒவ்வொன்றுக்கும் 3, 4 வாக்கியம் வையுங்கள். பலர் மூன்றாவதைக் கோட்டைவிடுகிறார்கள். ஆபீஸிலிருந்து நேராகக் கடைக்கு வருபவரிடம் அக்கறை இருக்கும், பை இருக்காது.

கேள்வி: வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.52தான் வருகிறது.

பதில்: எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பினீர்களா? 5 புள்ளி அளவுகோலில் 6லிருந்து விடையைக் கழிக்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். அப்படியும் 0.7 தொடாவிட்டால், மற்ற வாக்கியங்களின் மொத்தத்தோடு ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.3க்குக் கீழ் உள்ள வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். 'மற்றும்' போட்டு இரண்டு கேள்வியை ஒன்றாக்கியிருப்பீர்கள்.

கேள்வி: சொல்வதும் செய்வதும் ஒன்றா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பில் கவுன்டர் பக்கத்தில் நின்று எண்ணுங்கள். மூன்றே கட்டம்: சொந்தப் பை, அங்கே வாங்கிய பை, பையில்லாமல் கையில். காலை 7 மணிக் கூட்டம் வேறு, மாலை 7 மணிக் கூட்டம் வேறு, இரண்டும் வேண்டும். பேட்டி எடுக்கும் நாளில் எண்ணாதீர்கள். கேட்டதே சிலரைப் பை எடுத்துவர வைத்துவிடும்.

கேள்வி: எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் எந்த வாசகம் எழுதிப் போடலாம்?

பதில்: 2008இல் வெளியான அமெரிக்க ஹோட்டல் ஆய்வில், 'பூமியைக் காப்போம்' வகை அட்டைக்குத் துண்டை மறுபடி பயன்படுத்தியவர்கள் 35 சதவீதம், 'இங்கே தங்குவோரில் பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறார்கள்' என்றதற்கு 44. உங்கள் கடையிலும் அது எடுபடுமா என்று சோதியுங்கள். எந்த வாரம் எந்தப் போர்டு என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். சனி, ஞாயிறுக்கு ஒன்று, வேலை நாளுக்கு ஒன்று என்று மாட்டினால் அளப்பது கிழமையைத்தான். பெரும்பாலோர் பை கொண்டுவராத கடையில் அந்த வாசகம் பொய், மாட்டாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. மக்கள் மாறியது தடையாலா, விருப்பத்தாலா?

பதில்: தடையை மீறிக் கேரி பேக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன அல்லவா, அங்கே போய் எண்ணுங்கள். சும்மா கிடைக்கும் இடத்திலும் சொந்தப் பையை நீட்டுகிறவர் தடைக்காக அதை எடுத்து வரவில்லை. கொடுக்காத கடையின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். ஒரே தெரு, ஒரே நேரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வருமான வித்தியாசம் உள்ளே புகுந்துவிடும்.