தனிநபரிடம் ஆன்லைனில் டிக்கெட்: பாதிப் பணம்தானே, கொடுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: டிக்கெட் விற்றுத் தீர்ந்துபோன இசை நிகழ்ச்சி ஒன்றுக்குத் தன்னிடம் இரண்டு டிக்கெட் இருப்பதாகச் சமூக ஊடகக் குழுவில் ஒருவர் சொல்கிறார். அன்று ஊரில் இருக்கமாட்டாராம், வாங்கிய விலைக்கே தருகிறாராம். முன்பதிவு மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட்டையும் தன் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். பாதிப் பணத்தை இப்போதே வங்கிக் கணக்கில் போட்டால் பிடிஎஃப் அனுப்புவார், மீதியை நிகழ்ச்சி முடிந்து கொடுத்தால் போதும் என்கிறார். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கிறது. பாதிப் பணம்தானே, துணிந்து கொடுக்கலாமா?

பதில்: இந்த ஏற்பாட்டில் கொடுக்காதீர்கள். அவர் மோசடிக்காரர்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் முறையில் பணம் போனால், அவர் நல்லவரா இல்லையா என்பது நுழைவாயிலில் நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

‘பாதிப் பணம்’ என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரே பிடிஎஃப்பை ஆறு பேரிடம் பாதி விலைக்குக் கொடுத்தால் டிக்கெட் விலையைப் போல மூன்று மடங்கு கைக்கு வந்துவிடும். மீதிப் பாதியை விட்டுக்கொடுப்பதில் ஏமாற்றுபவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடையாள அட்டைப் படமும் எதையும் நிரூபிக்காது. அது முன்பு ஏமாந்த ஒருவர் நம்பி அனுப்பிய அட்டையாகக்கூட இருக்கலாம். மின்னஞ்சல் ஸ்கிரீன்ஷாட்டில் பெயரையும் தேதியையும் மாற்றுவது சில நிமிட வேலை.

அடுத்து, நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பது. டிக்கெட்டில் உள்ள பார்கோடோ கியூஆர் கோடோ வெறும் ஓர் எண்தான். வாசலில் இருக்கும் ஸ்கேனர் அந்த எண்ணை டிக்கெட் நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடும். முதலில் வந்து ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார். அதே எண்ணோடு இரண்டாவதாக வருபவருக்கு ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று திரையில் வரும். அங்கே உங்கள் பிடிஎஃப்தான் அசல் என்று வாதாடிப் பயனில்லை, ஏனென்றால் இரண்டுமே அசல்தான். டிக்கெட் தொலைந்துவிட்டது என்று விற்றவர் நிறுவனத்திடம் சொல்லி மறுபடி வாங்கிக்கொண்டால் உங்களிடம் உள்ள எண் செல்லாததாகிவிடும். திருட்டுக் கார்டில் வாங்கிய டிக்கெட் என்றால், கார்டுக்கு உரியவர் புகார் கொடுத்ததும் நிறுவனமே அதை ரத்து செய்துவிடலாம். ஆக, பிடிஎஃப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது செல்லுமா என்று தெரியாது. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த இருக்கை உங்கள் கணக்குக்கு மாற வேண்டும். பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது.

அதனால் நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்ற நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். டிக்கெட் எந்த வடிவில் தரப்படுகிறது? வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா? வாங்கியவர் டிக்கெட்டை நிறுவனத்தின் வழியாகவே இன்னொருவருக்கு விற்கும் அதிகாரபூர்வ மறுவிற்பனை உண்டா? டிக்கெட் செயலியில் மட்டும்தான் வரும் என்று அங்கே இருந்தால், பிடிஎஃப் தருகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. டிக்கெட்மாஸ்டர் என்ற டிக்கெட் விற்பனை நிறுவனத்தின் சேஃப்டிக்ஸ் போன்ற முறைகளில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் ஸ்கிரீன்ஷாட் வாசலில் செல்லாது. டிக்கெட்டில் பெயர் அச்சிட்டு அடையாள அட்டையோடு ஒப்பிடும் நிகழ்ச்சியாக இருந்து, பெயர் மாற்றமும் கிடையாது என்றால், அதிகாரபூர்வ மறுவிற்பனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். சில நிகழ்ச்சிகளுக்கு மாற்றும் வசதி கடைசிச் சில நாட்களில்தான் திறக்கும். அப்படியானால் பணமும் அதுவரை காத்திருக்கட்டும்.

செயலி வழியாக மாற்றும்போது விற்பவர் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பார், உங்கள் கணக்கில் நுழைந்து நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். பெரும்பாலான செயலிகளில் அதோடு பழைய பார்கோடு செயலிழந்து உங்களுக்குப் புதிது உருவாகும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘உங்களுக்கு இரண்டு டிக்கெட் மாற்றப்பட்டுள்ளது’ என்று போலி மின்னஞ்சல் வரும். அதில் உள்ள லிங்க்கைத் தொடாமல் செயலியை நேரடியாகத் திறந்து, உங்கள் டிக்கெட் பட்டியலில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லை என்றால் மாறவில்லை என்று பொருள்.

பேரம் தொடரும் முன் நேரலை வீடியோ அழைப்பு ஒன்று கேளுங்கள், பதிவுசெய்த வீடியோ வேண்டாம். அழைப்பிலேயே அவர் செயலியை மூடித் திறந்து, நிகழ்ச்சிப் பட்டியலில் இருந்து டிக்கெட் வரை வந்து காட்டட்டும். பார்கோடு மேல் விரலை வைத்து மறைத்தால் சந்தேகப்படாதீர்கள். விவரம் தெரிந்த விற்பனையாளர் அப்படித்தான் செய்வார், நீங்களும் பார்கோடைக் காட்டும்படி கேட்கக் கூடாது. தேதி, நுழைவாயில், பகுதி, வரிசை, இருக்கை எண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அரங்கத்தின் இருக்கை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இல்லாத வரிசையின் எண் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. டிக்கெட்டின் வகையையும் பாருங்கள். மாணவர், சிறுவர், மாற்றுத்திறனாளியின் துணை என்று சலுகையில் வாங்கியதாக இருந்தால் டிக்கெட் அசலாகவே இருந்தும் வாசலில் சான்று கேட்டு நிறுத்துவார்கள். விற்பவர் உங்கள் நண்பரின் கணக்கில் இருந்து எழுதுகிறார் என்றால் அந்த நண்பரை ஒருமுறை போனில் கூப்பிடுங்கள், கணக்கே களவு போயிருக்கலாம்.

இனி பணம். வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுவதும் கையில் ரொக்கம் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியதால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். வாங்குபவருக்குப் பாதுகாப்பு தரும் மறுவிற்பனைத் தளத்தில் கார்டு வழியாகக் கொடுத்தால், டிக்கெட் வராதபோது கார்டு வழங்கிய வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை என்றால் ‘பொருட்கள், சேவைகள்’ வகையில்தான் அனுப்ப வேண்டும். அதில் புகார் எழுப்ப 180 நாள் இருக்கிறது. ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ வகையில் போனால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர் அதைத்தான் கேட்பார். அந்தக் கட்டணத்தை நானே ஏற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டிக்கெட் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் வைத்திருப்பதாகச் சொல்லி அவர் அனுப்பும் ‘பாதுகாப்பான இடைநிலைக் கணக்கு’ லிங்க்கில் பணம் போடாதீர்கள். அந்தத் தளம் அவருடையதாகவே இருக்கலாம். ‘பணம் பாதியில் நிற்கிறது, இன்னொரு முறை அனுப்புங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்’ என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். பணம் திரும்பப் பெற உங்கள் பின் நம்பரோ ஓடிபியோ யாருக்கும் தேவையில்லை.

பலர் கேட்க மறக்கும் ஒன்று: நிகழ்ச்சி ரத்தானால் நிறுவனம் பணத்தைப் பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் கார்டுக்கே அனுப்பும், உங்களுக்கு அல்ல. ‘ரத்தானால் முழுத் தொகையும் தருகிறேன்’ என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மறுவிற்பனைத் தளம் என்றால் அதன் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாளைக்கு அவருக்கு இப்படி எழுதலாம்: ‘டிக்கெட் நிறுவனத்தின் செயலி வழியாக என் கணக்குக்கு மாற்றுங்கள். வீடியோ அழைப்பில் இருந்தபடியே மாற்றினால், என் பட்டியலில் வந்ததும் அந்த நிமிடமே முழுப் பணமும் அனுப்புகிறேன். முன்பே பணம் வேண்டும் என்றால் பேபால் பொருட்கள் வகையில் தருகிறேன், கட்டணம் என்னுடையது.’ டிக்கெட்டை முதலில் கொடுக்க அவருக்கும் பயம் இருக்கும், அது நியாயம்தான். அதற்காகத்தான் இரண்டாவது வழி. அதிகாரபூர்வ மறுவிற்பனை இருந்தால் டிக்கெட்டை அங்கே போடச் சொல்லுங்கள், இரண்டு பேருக்குமே தலைவலி மிச்சம்.

இதைப் படிப்பதற்குள் பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே வங்கியின் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள். எதிர்த் தரப்புக் கணக்கில் பணம் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும், அதனால் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உரையாடல், கணக்கு எண், அவரது பக்கத்தின் முகவரி எல்லாவற்றையும் சேமித்த பிறகு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வருபவர்கள் அதே கும்பலின் அடுத்த சுற்றாக இருக்கலாம்.

இவர் ஒத்துவரவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. மேடை, கேமரா அமைப்புக்காக ஒதுக்கிவைக்கும் இருக்கைகளில் தேவைப்படாதவற்றைச் சில அமைப்பாளர்கள் கடைசி இரண்டு மூன்று நாட்களில் விற்பனைக்கு விடுவதுண்டு. அப்போது அதிகாரபூர்வத் தளத்தை அடிக்கடி பாருங்கள். இரண்டு இருக்கைகளைச் சேர்த்துத் தேடிக் கிடைக்காவிட்டால் ஒன்றொன்றாகத் தேடுங்கள்.