யாருடைய பாட்டி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாட்டிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கிழவி இருக்கிற வீட்டில் பிள்ளைகள் தானாக ஒட்டிக்கொள்வார்கள் என்று முடித்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் ஒட்டவில்லை. என் அப்பத்தா அண்ணனுக்கு முட்டையை உரித்து வைத்துவிட்டு எனக்குக் குழம்பை மட்டும் ஊற்றுவார். வயதுக்கு வந்ததும் என் படிப்பை நிறுத்தச் சொன்னதும் அவர்தான். இன்று என் மாமியார், என் மகளின் ஜீன்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மகள் அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். அறை அறையாகத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பவள் நான். பாட்டி என்றாலே பாசம் என்று எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

தெரியும். தெரிந்தேதான் அந்தக் கட்டுரையில் நெய்யைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன்.

எங்கள் அப்பத்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. என் அம்மா வைத்த ரசத்தை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் அவர் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் எதிர்வீட்டு மருமகள் வந்துவிடுவாள். அவளும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே பேசுவாள். சில நாள் அழுவாள். அப்பத்தா 'ம்' கொட்டுவதோடு சரி. என் அம்மாவோ தன் குறையைச் சொல்ல மூன்று வீடு தள்ளி இருந்த இன்னொரு கிழவியிடம் போவார். சொந்தப் பாட்டிக்கு வீட்டில் அதிகாரம் உண்டு, யார் பக்கம் நிற்பது என்ற கணக்கு உண்டு. அடுத்த வீட்டுப் பாட்டிக்கு அது கிடையாது. நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஜிம்பாப்வேயில் இதையே ஒரு வைத்தியமாக்கியிருக்கிறார்கள். டிக்சன் சிபாண்டா அங்கே மனநல மருத்துவர். கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் அவரைப் போன்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வர 15 டாலர் பஸ் காசு இல்லாமல் வீட்டிலேயே இருந்து தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு, 2006-இல், தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் சிபாண்டா வேலையைத் தொடங்கினார். கிளினிக்கில் அறை இல்லை, கொடுக்க நர்ஸும் இல்லை. கிடைத்தது 14 பாட்டிகளும் வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சும்.

மருத்துவர் அதற்கு மனநல பெஞ்ச் என்று பெயர் வைத்தார். அப்படிச் சொன்னால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் மாற்றச் சொன்னார்கள். நட்பு பெஞ்ச் ஆயிற்று. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அங்கே பேசும் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள்: அளவுக்கு மீறி யோசிப்பது. நம் ஊரில் 'எதையோ போட்டு மனசில் உழப்பிக்கிட்டே இருக்கா' என்கிறோமே, அதேதான்.

பெஞ்சில் வந்து உட்காருகிறவர் சொல்வதைப் பாட்டி முதலில் காதுகொடுத்துக் கேட்கிறார். அவர் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிய பிறகு, அதில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே யோசிக்க வைக்கிறார். புத்திமதி கிடையாது. (நம் பாட்டிகளுக்கு இங்கேதான் பயிற்சி தேவைப்படும்.) சில சந்திப்புகளுக்குப் பிறகு, பெஞ்சில் இருந்து எழுந்தவர்கள் வட்டமாகக் கூடிப் பை பின்னுகிறார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு. பெஞ்சுக்கு வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத்தான்.

பேத்தியைப் பார்த்து முகத்தைத் திருப்பும் உங்கள் மாமியார், கீழ்வீட்டுப் பெண் வந்தால் எப்படி இருக்கிறார்? அவரிடம் யாராவது வந்து உட்காருகிறார்களா? மகளுக்கும் தெருவில் வேறு ஒரு பாட்டி இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலேயே. என் அம்மாவுக்கு இருந்தது அப்பத்தாவுக்குத் தெரியாது. இருவரையும் சேர்த்துவைக்கிற வேலையை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். அப்புறம், அந்தத் தட்டு கொண்டுபோவதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். பசித்தால் இரண்டு பேரும் அடுப்படிக்குத்தான் வரவேண்டும்.