காவேரிப்பட்டினத்து உரம் கடலில் மீனாகுமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணை ஓரத்தில் இரண்டு ஏக்கரில் தக்காளி பயிரிடுகிறேன். நாம் போடும் யூரியாவும் டி.ஏ.பி.யும் ஆற்றோடு போய்க் கடலோர நுண்ணுயிர்களின் உணவுச் சங்கிலியைக் கெடுக்கின்றன என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். பாசி வளர்ந்தால் மீனுக்குத் தீனி கூடத்தானே செய்யும்? கடலோ வெகுதூரம், நடுவில் சாத்தனூர் அணை வேறு. நான் மாற்றிக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. தீனி கூடும் என்ற உங்கள் எண்ணமும் தவறில்லை. அந்தத் தீனி யார் வாய்க்குப் போகிறது என்பதில்தான் சிக்கல்.

கரையோரக் கடலில் டயாட்டம் என்றொரு நுண்பாசி உண்டு. சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். குறுணை அரிசியளவு கூட இல்லாத, இறாலுக்கு உறவான துடுப்புக்காலிகள் அதைத் தின்னும். அவற்றை நெத்திலி தின்னும். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும் என்பது தோராயக் கணக்கு. 1,000 கிலோ டயாட்டம் 10 கிலோ நெத்திலியாகும்.

டயாட்டத்துக்கு, அணுக் கணக்கில், 16 பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 1 பங்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதும். ஆனால் ஏறத்தாழ தழைச்சத்தின் அளவுக்கே சிலிக்கா வேண்டும். உர மூட்டையில் சிலிக்கா கிடையாது. ஆறு கொண்டுவரும் சிலிக்காவிலும் ஒரு பகுதி அணைக்குள் வளரும் டயாட்டங்களோடு அடியில் படிந்துவிடுகிறது. எனவே உரச்சத்து மிகுந்த நீர் கடலில் சேர்ந்ததும் முதலில் டயாட்டம் பெருகும். சிலிக்கா தீர்ந்ததும் நின்றுவிடும். மிச்சச் சத்தை மிகச்சிறிய பாசிகளும், சாட்டை போன்ற இழையால் நீந்தும் சாட்டையுயிரிகளும் பிடித்துக்கொள்ளும்.

அவை கசியவிடும் சர்க்கரையைப் பாக்டீரியா உண்ணும். கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பாக்டீரியாவை வேறு வகைச் சாட்டையுயிரி தின்ன, அதைக் குறுமயிர் போன்ற இழைகள் கொண்ட குற்றிழை உயிரி தின்ன, அதற்குப் பிறகுதான் துடுப்புக்காலிக்குக் கிடைக்கும். 1983இல் கடல் நுண்ணுயிர் ஆய்வாளர் ஃபாரூக் ஆசமும் உடன் ஆய்வாளர்களும் இதை நுண்ணுயிர் வளையம் என்று அழைத்தார்கள். அதே 1,000 கிலோவைப் பாக்டீரியாவிலிருந்து கணக்கிட்டால், இரண்டு படி கூடியதால், 100 கிராம் நெத்திலியாகச் சுருங்கும். நுண்ணுயிர்களிடையே இழப்பு சற்றுக் குறைவு என்பதால் உண்மை நிலை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கடல் பச்சையாக இருக்க வலை காலியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தின்ன ஆளில்லாத பாசி செத்து அடியில் மட்கும்போது ஆக்சிஜன் தீர்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் ஓடும், ஓட முடியாதது சாகும். பாசி பிடித்த ஏரியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஆக்சிஜன் தட்டுப்பாடுதான்.

உங்கள் உரம் முழுவதும் கடலூர்க் கடலைச் சேராது. மணிச்சத்து மண்ணோடு ஒட்டிப் பயணப்படுவதால் பெரும்பகுதி சாத்தனூரில் படியும். தழைச்சத்து நைட்ரேட்டாகக் கரைந்துவிடும். மதகு திறந்தால் நீரோடு போய்விடும். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியபோது அந்த நீர் பாம்பாறு வழியே சாத்தனூருக்கும், அங்கிருந்து கடலூருக்கும் பாய்ந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் அணை தடையாக இருப்பதில்லை. தென்பெண்ணையில் பெங்களூரு பக்கத்துக் கழிவுநீரும் கலக்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் நுரை ஊரறிந்தது. அந்தப் பழியை உழவர் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை.

நீங்கள் செய்யக்கூடியவற்றில் முதலாவது மண் பரிசோதனை. ஆண்டுதோறும் டி.ஏ.பி. போட்ட நிலத்தில் மணிச்சத்து தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் அடியுரத்தில் டி.ஏ.பி.யைக் குறையுங்கள், செலவும் மிச்சம். பையூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முடிவை அங்கே காட்டி அளவு கேளுங்கள். டி.ஏ.பி.யை மேலாகத் தூவாமல் வேரருகே இட்டு மண் அணையுங்கள். மழை வரும் என்று தெரிந்தால் மேலுரத்தை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். சொட்டுநீர் இருந்தால் யூரியாவைக் கரைத்து வாராவாரம் கொஞ்சமாக விடலாம். இல்லையென்றால் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு மானியம் உண்டு, தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஆற்றுப் பக்க வரப்பில் நாலைந்து அடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டுவையுங்கள். மண் அங்கேயே நிற்கும், மாட்டுக்கும் ஆகும்.