ஜன்னல் மூலை விரிசல்: மறுபடி பட்டி பூச வேண்டாம்

ஜன்னல் மூலையில் வரும் விரிசலை இரண்டு முறை பட்டி பூசி அடைத்தும் அதே இடத்தில் திறக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அப்படியென்றால் சுவர் இன்னும் அசைகிறது. மூன்றாவது முறை பூசினாலும் நிற்காது.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது, படிக்கட்டு போல் சாய்வாக ஏறும் விரிசல் மேலே அகலமாகவும் கீழே மெல்லியதாகவும் இருப்பது. பெரும்பாலும் வீட்டின் அந்த மூலை அஸ்திவாரம் இறங்கும்போதுதான் இப்படி வரும். பூச்சு காய்ந்து வரும் விரிசல் மயிரிழை போல இருக்கும், வெளிப்பக்கம் தெரியாது.

கழிவுநீர்க் குழாய் அந்த மூலையை ஒட்டிப் போகிறது என்கிறீர்களே, என் சந்தேகம் அதன்மேல்தான். கசியும் நீர் அடிமண்ணை அரித்துவிடும்.

1. குழாய் வெளியேறும் வாயை அடைத்து, அந்தக் கழிவுநீர்க் குழாயின் ஆய்வுத் தொட்டியில் (மூடி திறந்து பார்க்கும் குழியில்) நீர் நிரப்பி, நீர்மட்டத்தில் குறி போடுங்கள். அரை மணியில் மட்டம் இறங்கினால் கசிவு உண்டு.

2. விரிசலின் இருபுறமும் பென்சில் புள்ளி வைத்து, இடைவெளியைத் தேதியோடு மாதம் ஒருமுறை சுவரிலேயே எழுதுங்கள். நோட்டு தொலைந்துபோகும், சுவர் தொலையாது.

கசிவைச் சரிசெய்து, சில மாதம் அளவு மாறாமல் நின்ற பிறகு, செங்கல் இணைப்புகளைக் கீறி துருப்பிடிக்காத முறுக்குக் கம்பி பதித்துக் கலவை அடைக்கலாம். அஸ்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் போடுவதெல்லாம் அதற்கும் நிற்காவிட்டால்தான்.

பக்கத்து மரத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். களிமண் என்றால் மரம் உறிஞ்சிவந்த ஈரம் மண்ணுக்குத் திரும்பி, மண் உப்பி, வீட்டைத் தூக்கிவிடும். விரிசல் 5 மி.மீ. தாண்டினாலோ கதவு திடீரென இறுகினாலோ அளந்துகொண்டிருக்காமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.