துபாயில் 5 சதவீத வரி போட்டார்களா?

அண்ணா, துபாய்க்கு அனுப்பிய பனியன் சரக்குக்கு அங்கே 5 சதவீத வரி போட்டுவிட்டார்கள், இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் வரிச்சலுகை ஒப்பந்தம் (சிஇபிஏ) இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தீர்களே. ஒப்பந்தத்தில் கோளாறு இல்லைங்க; 2022 மே 1 முதல் நடப்பில்தான் இருக்கிறது. சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜினை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு வகை. சாதாரணமானது இந்தியச் சரக்கு என்று மட்டும் சொல்லும், வரி குறையாது. சலுகைக்கானதை, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் அந்த ஒப்பந்தத்தின் பெயரிலேயே வாங்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எச்எஸ் கோடு, அதாவது சரக்கின் வகையைக் காட்டும் சுங்க எண். நான் மாட்டியது அங்கேதான். வட்டக் கழுத்து டி-சர்ட் 6109, ஆண்களுக்கான காலர் வைத்த போலோ 6105. இரண்டும் எங்கள் அனுப்பர்பாளையம் யூனிட்டில் ஒரே மேஜையில் தைத்ததுதான். இன்வாய்ஸில் பிரித்துப் போட்டுவிட்டு, சர்டிபிகேட்டில் எல்லாவற்றையும் 6109 என்று போட்டேன். ஒரு காலர் பட்டைக்காகச் சலுகை போயிற்று!

சரக்கு போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பின்னர் வழங்கியது என்று குறித்து சர்டிபிகேட் வாங்கவும் வழி உண்டு. கஸ்டம்ஸ் ஏஜென்டை இன்றைக்கே பிடியுங்கள். கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வேண்டியது துபாய் பையர்தான், அவரிடமும் சொல்லி வையுங்கள். அப்புறம் நூல், நிட்டிங், டையிங் பில்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். துணி எங்கே உருவானது என்று கேட்டால் காட்ட வேண்டியது அவைதான்.